சுருள்முடிக்கு வாரத்தில் எத்தனை முறை தலைக்குக் குளிக்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 31. பிறவியிலேயே நெருக்கமான சுருள்முடி. முதுகின் பாதிவரை நீளம் உண்டு. சென்னையில் அலுவலகத்துக்கு ஹெல்மெட் அணிந்து இருசக்கர வாகனத்தில் சென்று வருகிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஷாம்பு போட்டுக் குளித்து வந்தேன். முடி வறண்டு பரட்டையாகவே நிற்கும். சுருள்முடி உள்ளவர்கள் அடிக்கடி தலைக்குக் குளிக்கக் கூடாது என்று காணொளிகளில் பார்த்துவிட்டு, ஆறு மாதமாகப் பத்து நாளைக்கு ஒருமுறை மட்டும், அதுவும் ஷாம்பு இல்லாமல் கண்டிஷனரால் மட்டுமே அலசுகிறேன். நுனி மென்மையாகிவிட்டது உண்மைதான். ஆனால் அரிப்பு தாங்க முடியவில்லை, பொடுகு உதிர்கிறது, மாலையில் தலையிலிருந்து ஒரு வாடை வருகிறது, குளிக்கும் நாளில் கைகொள்ளாமல் முடி வருகிறது. எண்ணெய் வைக்காததுதான் காரணம் என்று அம்மா இரவுதோறும் தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுகிறார். வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். எத்தனை நாளைக்கு ஒருமுறை குளிப்பது சரி? ஐந்து வயது மகளுக்கும் என்னைப் போன்ற முடிதான். அவளுக்கு என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வாரத்துக்கு இரண்டு முறை, வியர்வை மிகுந்த கோடை மாதங்களில் தேவைப்பட்டால் மூன்று முறை, ஷாம்பு போட்டே தலைக்குக் குளியுங்கள். பத்து நாள் இடைவெளியையும் இரவு எண்ணெயையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு அந்த இரண்டு குளியலிலும் பொடுகுக்கான மருந்து ஷாம்பு தேவைப்படும். அதன் முறையைக் கீழே எழுதியிருக்கிறேன். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை உங்கள் மண்டைத்தோல்தான் முடிவு செய்ய வேண்டுமேயன்றி முடியின் வளைவு முடிவு செய்யக் கூடாது. சுருள் கெடாமல் இருப்பதோ எவ்வளவு அடிக்கடி குளிக்கிறோம் என்பதைக் காட்டிலும் எப்படிக் குளிக்கிறோம் என்பதையே பெரிதும் சார்ந்தது.

நேரான முடியின் குறுக்குவெட்டு ஏறத்தாழ வட்டமாக இருக்கும். சுருள்முடியின் குறுக்குவெட்டு தட்டையான நீள்வட்டம், அதை உருவாக்கும் மயிர்க்காலும் தோலுக்குள்ளேயே வளைந்துதான் அமைந்திருக்கும். மயிர்க்காலை ஒட்டியுள்ள சுரப்பிகளிலிருந்து வரும் எண்ணெய்ப்பசை நேரான முடியில் தடையின்றி நுனியை நோக்கிப் பரவிவிடுகிறது. சுருள்முடியிலோ, கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் இறங்கும் வண்டியைப் போல, ஒவ்வொரு திருப்பத்திலும் தாமதப்பட்டுப் பெரும்பகுதி வேருக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. இதனால் ஒரே தலையில் வேர்ப்பகுதி பிசுபிசுப்பாகவும் நுனி வறண்டும் இருப்பது சுருள்முடிக்காரர்களிடம் இயல்பாகவே காணப்படும் நிலை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது என்பதைக் கணக்கில் கொண்டால், உங்கள் முதுகில் தொங்கும் நுனி நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் தோலைவிட்டு வெளிவந்தது. அத்தனை ஆண்டு வெயிலும் சீப்பும் ஷாம்புவும் அதன் மேலுறைச் செதில்களைத் தேய்த்திருக்கும். கழுவப்பட வேண்டியது வேர்ப்பகுதி, காக்கப்பட வேண்டியது நுனி. முன்பு நீங்கள் இரண்டையும் ஒரே வேகத்தில் கழுவினீர்கள், அதனால் நுனி கெட்டது. இப்போது இரண்டையும் கழுவாமல் விட்டீர்கள், அதனால் தோல் கெட்டிருக்கிறது.

காணொளிகளில் கேட்ட அறிவுரை முழுவதும் பொய்யும் அன்று. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் மிக நெருக்கமாகச் சுருண்ட, எளிதில் முறியக்கூடிய முடிக்கு வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ கழுவினால் போதும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியே சொல்கிறது. முடியை 2, 3, 4 என்று எண்ணிட்டு வகைப்படுத்தும் முறையும் அமெரிக்க முடியலங்கார நிபுணர் ஆண்ட்ரே வாக்கர் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததுதான். அதில் 4 என்பது கம்பிச்சுருள் போன்ற முடி, 2 அலை முடி, 3 வளையம் வளையமாகத் தொங்கும் சுருள். நம்மிடையே சுருட்டை என்று சொல்லப்படும் முடியில் பெரும்பாலானவை இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடைப்பட்டவை. நான்காம் வகை முடிக்குச் சொல்லப்பட்ட இடைவெளியை, அதுவும் ஏப்ரல், மே மாதங்களில் நின்ற இடத்திலேயே வியர்த்துக் கொட்டும் சென்னையில், ஹெல்மெட்டுக்குள் தலையை வைத்துக்கொண்டு இரண்டு வேளையும் பயணம் செய்யும் ஒருவர் அப்படியே கடைப்பிடிப்பது பொருந்தாது. செவ்வாயும் வெள்ளியும் பெண்களும், புதனும் சனியும் ஆண்களும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நம் பழைய வழக்கத்தில்கூட இடைவெளி மூன்று, நான்கு நாட்கள்தான் என்பதையும், தேய்த்த எண்ணெயை அன்றே சீயக்காயோ அரப்போ போட்டு நீக்கிவிட்டார்கள் என்பதையும் உங்கள் அம்மாவிடம் நினைவூட்டலாம்.

இந்த ஆறு மாதத்தில் என்ன நடந்திருக்கிறது என்றால், எல்லோருடைய மண்டைத்தோலிலும் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை உங்கள் தலையில் வழக்கத்துக்கு மேல் பெருகியிருக்கிறது. அது தோலில் ஊறும் எண்ணெய்ப்பசையை உடைத்துத் தன் உணவாக்கிக்கொள்ளும்போது எஞ்சும் கொழுப்பு அமிலங்கள் தோலை உறுத்துகின்றன. தோல் அவசர அவசரமாகச் செதில்களை உதிர்க்கிறது, அரிக்கிறது. வியர்வையும் பழைய எண்ணெயும் தேங்கிக் கிடப்பதால் வாடை வருகிறது. இந்த நிலையில் இரவுதோறும் தேங்காயெண்ணெயைத் தோலில் தேய்ப்பது அந்தப் பூஞ்சைக்குப் படியளப்பதாகத்தான் முடியும். செதில்கள் எண்ணெயில் நனைந்து ஒட்டிக்கொள்வதால் சில மணி நேரத்துக்குப் பொடுகு குறைந்துவிட்டதைப் போலத் தோன்றுமே தவிர, அது குறைவதில்லை. ஷாம்பு போடும் இடைவெளி கூடக் கூட அரிப்பும் செதிலும் கூடுவதையும், அண்டார்டிகா ஆய்வு நிலையத்தில் தங்கி நீண்ட நாள் தலை கழுவாதிருந்தவர்களிடம் இது வெளிப்படையாகத் தெரிந்ததையும் 2021இல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரை பதிவு செய்திருக்கிறது. அந்த ஆய்வில் ஷாம்பு தயாரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பங்கேற்றனர் என்பதால், அதில் சொல்லப்படும் வாரத்துக்கு ஐந்தாறு முறை என்ற எண்ணிக்கையை நான் சுருள்முடிக்குப் பரிந்துரைப்பதில்லை. ஆயினும் அடிப்படைக் கருத்து தோல் மருத்துவர்கள் நாள்தோறும் காண்பதோடு ஒத்துப்போகிறது.

கைநிறைய வரும் முடியைப் பற்றி அதிகம் கலங்க வேண்டாம். எல்லோருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. நேரான முடி உள்ளவர்களுக்கு அது தலையணையிலும் சீப்பிலும் தரையிலுமாக அன்றன்றே சிதறிப் போய்விடுகிறது. சுருள்முடியில் வேரைவிட்டுக் கழன்ற முடியும் பக்கத்துச் சுருள்களில் மாட்டிக்கொண்டு தலையிலேயே தங்கிவிடுகிறது. பத்து நாள் சேர்ந்தது ஒரே குளியலில் வெளியே வந்தால் பல நூறு முடிகள் கையில் சுருண்டு நிற்கும். பார்ப்பவருக்குத் தண்ணீரும் ஷாம்புவும்தான் முடியைப் பிடுங்கிவிட்டதாகத் தோன்றும், அந்த அச்சத்தில் அடுத்த குளியல் இன்னும் தள்ளிப்போகும். வாரத்துக்கு இரண்டு முறை குளிக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு முறையும் வரும் அளவு குறைந்துவிடுவதைக் காண்பீர்கள். அதே வேளையில், கடுமையான பொடுகு தானும் ஓரளவு உதிர்வை உண்டாக்கக் கூடியது என்பதால் அதற்குச் சிகிச்சை எடுத்துக்கொள்வது அவசியம்.

சிகிச்சைக்கு, 2 விழுக்காடு கீட்டோகோனசோல் உள்ள ஷாம்புவை வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு வாரங்களுக்குப் பயன்படுத்துங்கள். நீங்கள் கருவுற்றிருந்தாலோ வேறு தோல் நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இதை முடிக்குப் போடும் ஷாம்பு என்று கருதாமல் தோலுக்குப் போடும் மருந்து என்று கருத வேண்டும். தலையை நன்றாக நனைத்தபின் முதலில் காதுக்குக் கீழே தொங்கும் நீளம் முழுவதற்கும் கண்டிஷனரைத் தடவிவிடுங்கள். மருந்தின் வறட்சி நுனியைத் தாக்காமல் அது தடுக்கும். பிறகு வகிடு வகிடாகப் பிரித்து மருந்து ஷாம்புவை மண்டைத்தோலில் படும்படி விரல்நுனியால் தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை ஊறவிட்ட பிறகே அலச வேண்டும். போட்ட உடனே கழுவிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களே அதிகம். அரிப்பு அடங்கிய பின் இதை வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டு, மற்றக் குளியல்களுக்குச் சாதாரண ஷாம்புவைப் பயன்படுத்தலாம். பொடுகு மீண்டும் வரக்கூடிய தொல்லை என்பதால் அடியோடு நிறுத்திவிட வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த திரவங்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கித் தடவாதீர்கள். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பின்னர் தோல் மெலிந்து வேறு சிக்கல்கள் தொடங்கும்.

இனிக் குளிக்கும் முறைக்கு வருகிறேன்; சுருள்முடிக்கு இதுதான் முதன்மையானது. சாதாரண ஷாம்புவை ஒரு குவளை நீரில் கரைத்து ஊற்றும் நம் வீட்டுப் பழக்கம் சுருள்முடிக்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் கெட்டியான ஷாம்பு அடர்ந்த சுருள்களின் மேலேயே நின்றுவிடும், கரைத்தது தோல்வரை இறங்கும். மருந்து ஷாம்புவை மட்டும் இப்படிக் கரைக்கக் கூடாது. தேய்ப்பது தோலை மட்டுமே. முடி முழுவதையும் உச்சியில் குவித்துத் துணி துவைப்பதுபோல் கசக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அலசும்போது வழியும் நுரையே நீளத்தைச் சுத்தம் செய்யப் போதுமானது. சல்ஃபேட் என்ற சொல்லைப் புட்டியில் கண்டதும் அஞ்ச வேண்டியதில்லை. அது அழுக்கையும் எண்ணெயையும் வலுவாக நீக்கும் பொருள். வாரத்துக்கு இருமுறை, தோலில் மட்டும், நீர்த்துப் பயன்படுத்தும்போது பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. சல்ஃபேட் இல்லாத மென்மையான ஷாம்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் அதையே பயன்படுத்தலாம், ஆனால் சிலிகோன் கலந்த கண்டிஷனர்கள் முடியில் படிந்து சேர்ந்துகொண்டே போகும் என்பதால் மாதம் ஒருமுறையாவது வலுவான ஷாம்புவால் அலசிவிட வேண்டும். கண்டிஷனரால் மட்டுமே கழுவும் முறை நுனிக்கு இதமானது, தோலில் தேங்கும் எண்ணெய்ப்பசையையும் செதிலையும் நீக்கும் வலு அதற்கு இல்லை.

ஷாம்புவுக்குப் பின் நீளத்துக்கு மட்டும் மீண்டும் கண்டிஷனர் தடவி, அது முடியில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுங்கள். ஈர முடியை வாரக் கூடாது என்று சிறுவயதிலிருந்தே கேட்டிருப்பீர்கள். நீரில் ஊறிய முடி பருத்து, இழுவையைத் தாங்கும் வலுவை ஓரளவு இழக்கிறது என்பதால் நேரான முடிக்கு அது சரியான அறிவுரை. சுருள்முடியை உலர்ந்த பின் வாரினாலோ ஒவ்வொரு சிக்கும் முறிவாக முடியும். எனவே ஈரத்தில், கண்டிஷனரின் வழவழப்போடு வாருவதே பாதுகாப்பு. துவட்டுவதற்குச் சொரசொரப்பான தடித்த டவலைவிட ஈரிழைத் துண்டு நல்லது. அதையும் முடியில் முறுக்கிக் கட்டாமல், கற்றை கற்றையாக ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு பின்னலோ கொண்டையோ போட்டு அதன்மேல் ஹெல்மெட் அணிவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும், உங்கள் மாலை நேர வாடைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காலையில் நேரம் இல்லையென்றால் தலைக்குக் குளிப்பதை முதல்நாள் மாலைக்கு மாற்றிக்கொண்டு, படுக்கும் முன் முழுவதும் உலர்ந்துவிடுமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் மிகுந்திருந்தால் முடி சொரசொரப்பாகும், சிக்கும் கூடும். முடியின் வளர்ச்சியை அது நிறுத்திவிடுவதில்லை. அத்தகைய நீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் கரையாத பிசுக்கு முடியில் படியும், ஆகவே சோப்பைத் தவிர்த்துவிடுங்கள். கடைசி இரண்டு மூன்று குவளை மட்டும் குடிநீரோ மழைநீரோ கொண்டு அலசினாலே வேறுபாடு தெரியும். குழாயில் பொருத்தும் சிறிய வடிகட்டிகள் பல வண்டலையும் குளோரினையும் குறைப்பவை. அவற்றை வாங்கிப் பொருத்திவிட்டு நீரின் கடினத்தன்மை போய்விடும் என்று எதிர்பார்ப்பதால் பயனில்லை.

அம்மாவின் எண்ணெயை முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை. தேங்காயெண்ணெயில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் முடியிழைக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்பதை, சூரியகாந்தி எண்ணெயோடும் கனிம எண்ணெயோடும் ஒப்பிட்டு ரெலே, மொஹிலே ஆகிய இந்திய ஆய்வாளர்கள் 2003இல் காட்டியிருக்கிறார்கள். அந்த நன்மை முடியிழைக்குத்தான். ஆகவே தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, கழுத்துக்குக் கீழே உள்ள நீளத்துக்கு மட்டும் சிறிதளவு தடவிக்கொள்ளுங்கள். பொடுகு முழுவதும் அடங்கும்வரை தோலில் எண்ணெய் வேண்டாம். விளக்கெண்ணெய் கெட்டியானது, நீக்குவதற்கு அதிக ஷாம்பு தேவைப்படும், நீண்ட முடியில் சிக்கையும் உண்டாக்கும்; விளக்கெண்ணெய் தேய்த்துக் கழுவிய ஓர் இளம்பெண்ணின் முடி பிரிக்கவே முடியாதபடி சடையாக இறுகி, வெட்டியெடுக்க நேர்ந்ததாக 2017இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியுள்ளது. சீயக்காயும் அரப்பும் நன்றாகவே சுத்தம் செய்யும். ஆனால் பொடியாகப் போட்டால் துகள்கள் சுருளுக்குள் மாட்டிக்கொண்டு, அவற்றை எடுக்கத் தேய்ப்பதிலேயே முடி முறியும். ஊறவைத்து மெல்லிய துணியில் வடித்த சாற்றை, வடிகஞ்சியில் கலந்து பயன்படுத்தினால் அந்தத் தொல்லை இராது. சாம்பிராணிப் புகை காட்டுவது மணத்துக்காக மட்டும் இருக்கட்டும்.

குளிக்காத நாட்களில் வியர்வை மிகுந்தால் வெறும் நீரால் தோலை அலசி உலர்த்திக்கொள்வதில் தவறில்லை, அதற்கு ஷாம்பு தேவையில்லை. ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு அதை நாள்தோறும் துவையுங்கள். ஹெல்மெட்டின் உள்ளுறை கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் அவ்வப்போது துவைத்து வெயிலில் போடுங்கள். இரண்டு மாதம் சென்றபின் இடைவெளியை நீங்களே திருத்திக்கொள்ளலாம். தலைக்குக் குளித்த மூன்றாம் நாள் மாலை வகிட்டைப் பிரித்து விரலால் தடவும்போது பிசுக்கோ ஊறலோ வாடையோ இல்லையென்றால் இன்னும் ஒருநாள் தள்ளலாம். இருந்தால் ஒருநாள் முன்னதாகக் குளியுங்கள். மார்கழியில் வாரம் ஒருமுறையும் வைகாசியில் மூன்று முறையும் தேவைப்பட்டால் அதில் முரண் ஏதும் இல்லை.

நான்கு வாரச் சிகிச்சைக்குப் பின்னும் அரிப்பு நிற்காவிட்டாலும், செதில்கள் வெள்ளிபோலத் தடித்து நெற்றியோரத்தையும் காதின் பின்புறத்தையும் தாண்டிப் பரவினாலும், சீழ்க்கொப்புளம், வலி, வட்டமாக முடியற்ற இடம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். அவை பொடுகு அல்லாத வேறு நோய்களாக இருக்கலாம். உதிர்வு மட்டும் மூன்று மாதத்துக்கு மேல் குறையாமல் நீடித்தால், இரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கடும் காய்ச்சலோ பிரசவமோ ஆகி இரண்டு மூன்று மாதங்களில் தொடங்கும் உதிர்வு பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

மகளுக்கு வாரத்துக்கு இரண்டு முறை, கண் எரியாத குழந்தைகள் ஷாம்புவைக் கரைத்து ஊற்றினால் போதும். விளையாடி வியர்த்து வரும் நாட்களில் நீரால் மட்டும் அலசிவிடுங்கள். அவளுக்கும் கண்டிஷனரோடுதான் சிக்கெடுக்க வேண்டும். நெற்றித் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கி இரட்டைப் பின்னல் போடாதீர்கள், நாளடைவில் முன்னந்தலை முடி மெலிந்துவிடும். பள்ளியிலிருந்து பேன் தொற்றி வந்தால், கண்டிஷனர் தடவிய ஈர முடியில் பேன் சீப்பால் மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை வாரியெடுங்கள். அதில் அடங்காவிட்டால் 1 விழுக்காடு பெர்மெத்ரின் மருந்தைப் பத்து நிமிடம் வைத்து அலசி, ஒன்பதாம் நாள் மீண்டும் ஒருமுறை போட வேண்டும். அதே நாளில் உங்கள் தலையையும் அம்மாவின் தலையையும் பார்த்துவிடுங்கள்.